தண்டவாளத்தில் வைத்த பொட்டு

ரத்தினம்மா டீச்சர் கரும்பலகையில் வட்டம் போட்டால் வகுப்பே கைதட்டும். வத்தேகமவில் அவரிடம் கணக்குப் படித்த எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கவராயம் கிடையாது, நூல் கிடையாது. வெண்கட்டியைப் பலகையில் ஊன்றுவார், தோளை ஒரு சுழற்று சுழற்றுவார், வட்டம் வந்து உட்கார்ந்திருக்கும். பின் வரிசை வாங்கில் தூங்குகிறவனும் எழுந்து கைதட்டுவான். டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்புவார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சின்ன வெட்கம் இருந்தது. அது வகுப்புக்குத் தெரியாது. கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும்போது எப்போதும் ஒரு சின்ன மேடு தட்டும். நெல்லுமணி அளவுதான். யார் கண்ணிலும் படாது, டீச்சர் கண்ணில் மட்டும் படும். எவனாவது கண்டுபிடிப்பதற்குள் ஆரத்தைக் கீறி, கோணத்தைக் கீறி, அந்த இடத்தை மறைத்துவிடுவார். இப்படியே ஒரு உத்தியோக காலம் முழுக்கக் கோணல் வட்டங்களுக்குக் கைதட்டு வாங்கிவிட்டு, கழுத்தில் மாலையோடு ஓய்வு பெற்று வீடு வந்து சேர்ந்தார்.

ஓய்வு பெற்ற பெண்ணை ஊர் சும்மா விடுமா? டியூசன் வைக்கச் சொன்னார்கள். கதிர்காமம் போய் வரச் சொன்னார்கள். சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். டீச்சர் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வினை அதில்தான் வந்தது.

எந்த நாட்டு மனிதனோ, முகம்கூடத் தெரியவில்லை, இரண்டு கைகள் மட்டும். மேசை மேல் ஒரு சின்ன இயந்திரம். அதில் ஒரு பித்தளைத் துண்டு சுழல்கிறது. கூரான இரும்பு ஒன்று மெல்ல வந்து அதைத் தொடுகிறது. தொட்ட இடமெல்லாம் பொன் சுருள் சுருளாக உதிர, உள்ளிருந்து மழுமழுவென்று ஒரு உருண்டை வெளியே வருகிறது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அவருக்குச் சட்டென்று விளங்கியது. அட, இத்தனை காலம் பலகை நின்றது, கை சுற்றியது. இங்கே கை நிற்கிறது, பொருள் சுற்றுகிறது! கை ஆடாமல் நின்றால் போதும், வட்டம் தானே வரும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, மேடு தட்ட இடமே இல்லை. அந்தக் காணொளியை அன்று எத்தனை தடவை பார்த்தாரோ, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறிவிட்டது.

அன்றிலிருந்து ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது, சரியான வட்டமாக ஒன்றைத் தன் கையால் செய்துவிட வேண்டும். ஒரு பம்பரம். சுழலும்போது அசையாமல் நிற்கிற பம்பரம். கோணலாக இருந்தால் பம்பரம் காட்டிக்கொடுத்துவிடும். அதை ஏமாற்ற முடியாது.

ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! சொல்ல வேண்டிய ஆள் யார் தெரியுமா? அவருடைய கணவர் இராமநாதன், கடுகண்ணாவை ஸ்டேஷனில் டிக்கெட் குடுத்து ஓய்வு பெற்றவர். அந்த ஓட்டை ஜன்னலுக்குள் உட்கார்ந்து அவர் வாழ்க்கை முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி, எங்கே போகிறீர்கள் என்று. போகிற இடம் சொல்லாதவனுக்கு அவர் டிக்கெட் குடுத்ததே இல்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் டீச்சர், "என்னங்க, நான் ஒரு லேத் மெசின் வாங்கப் போறேன். இரும்பு, பித்தளையெல்லாம் கடையுறது. மேசை மேல வெக்கிற சின்னச் சைஸ்" என்றார்.

இராமநாதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா? சும்மா யாராச்சும் லேத் வாங்குவாங்களா? மனுசங்க சும்மா ஒரு பூஞ்சட்டி வாங்குவாங்க, ஒரு கதிரை வாங்குவாங்க. நீ என்ன கராஜா நடத்தப் போற?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அறுபது வயதில் பம்பரம் என்று சொன்னால் மனிதர் சிரித்துச் சிரித்தே செத்துப் போவார் என்று வாயை மூடிக்கொண்டார். மூடினது தப்பு. அதற்குப் பிறகு காலையில் எதுக்கு, மாலையில் எதுக்கு, சோறு போட்டால் எதுக்கு. மகள் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாலும், "உங்கம்மா லேத் வாங்குறாளாம், எதுக்குன்னு நீயாவது கேளு." அந்த ஒரு சொல் காதில் விழுந்தாலே டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பணம், என் ஆசை, நான் யாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினார். பாவம், பாத்திரங்கள் என்ன செய்யும்!

இதற்கிடையில் சும்மாவும் இருக்கவில்லை. லேத் வாங்குகிறவர்கள் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று தேடித் தேடிப் படித்தார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறபோதுகூட அவர் அவ்வளவு விசாரித்ததில்லை. வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காதே. ஆட்டிப் பார். ஓடவிட்டுப் பார். இரண்டு முனையும் நேருக்கு நேர் சேருகிறதா பார். படித்ததையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, ஒரு நல்ல நாளில் சேலையை உடுத்திக் கண்டிக்குப் புறப்பட்டார்.

"நானும் வர்றேன்" என்று இராமநாதன் குடையை எடுத்தார். "உன்னைய நல்லா ஏமாத்திருவாங்க." உள்ளுக்குள் அவர் போட்ட கணக்கு வேறு. கூடவே போனால் எப்படியாவது தடுத்துவிடலாம் என்பதுதான் அது.

ஹபீலின் கடை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சந்துக்குள் இருந்தது. தண்ணீர்ப் பம்பு, துளை போடும் மெசின், புல்லு வெட்டுகிற மெசின் என்று கால் வைக்க இடமில்லை. ஹபீல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர், இரிங்க. லேத்தா? ஈக்கிது, ஈக்கிது. யாருக்கு, மகனுக்கா?"

"எனக்குத்தான் தம்பி."

ஹபீல் ஒரு கணம் இராமநாதனைப் பார்த்தார். இராமநாதன் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்தார்.

கடையில் மூன்று லேத் இருந்தன. ஒன்று பொம்மை மாதிரிக் குட்டியானது. கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம், நீல நிறப் பூச்சு பளபளவென்று மின்னியது. அடுத்தது நடுத்தரம், இரண்டு பேர் முக்கி முனகித் தூக்க வேண்டும். மூன்றாவது மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது, ஏதோ ஒரு கராஜில் உழைத்துக் களைத்த பெரிய பழைய லேத். ஹபீலின் கண் அந்தப் பெரியதில்தான். அது கடையை அடைத்துக்கொண்டு நிற்பது அவருக்கு நெஞ்சைப் பிசைந்தது.

"இரும்பப் பாருங்க டீச்சர். இந்தக் கனத்துல இப்ப எவனும் செய்யமாட்டான். வாங்கினா பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் கெடக்கும்" என்றவர், துணியால் அதைத் துடைத்தபடி கேட்டார். "சரி, என்ன செய்யப் போறீங்க?"

வந்தது பாருங்கள் டீச்சருக்குக் கோபம்! வீட்டில் ஒருவர் போதாதென்று கடையிலுமா?

"எதுக்கு, எதுக்கு, எதுக்கு! எல்லாரும் இதையே கேட்டா எப்படி? ஆம்பள ஒருத்தர் வந்து நின்னா இப்படிக் கேப்பீங்களா? நான் எதுக்கு வாங்குனா உங்களுக்கு என்ன?"

ஹபீல் இரண்டு கையையும் தூக்கினார். "யா அல்லாஹ், கோவிக்காதீங்க டீச்சர். ஆம்பள வந்தாலும் இதத்தான் முதல்ல கேப்பேன். இது அரிசியா, எல்லாருக்கும் ஒண்ணையே நிறுத்துக் குடுக்க? பெரிய சாமான் செய்றவருக்குப் பெருசு, சின்னச் சாமான் செய்றவருக்குச் சின்னது. என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லாட்டி, நான் எதத் தாறது?"

அதே கேள்விதான். ஆனால் இந்த மனிதர் பதில் வேண்டும் என்று கேட்கிறார். இத்தனை மாதமும் வீட்டில் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய டீச்சர், ஒரு தடவைகூட அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் கணவர் நிற்கிறார். நிற்கட்டும். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்காத பிள்ளை மாதிரிச் சன்னமாகச் சொன்னார்.

"ஒரு பம்பரம் தம்பி. பித்தளையில. வட்டம்னா சரியான வட்டமா இருக்கணும். சுத்துறப்ப அசையாம நிக்கணும். பலகையில எத்தனையோ வட்டம் போட்டுட்டேன், ஒண்ணுகூடச் சரியா வந்ததில்ல."

ஹபீல் சிரிக்கவில்லை. தாடியைத் தடவினார். "பம்பரத்துக்கு இந்தப் பெருசு தேவல்ல டீச்சர்" என்றார். தன் வாயாலேயே தன் வியாபாரத்தில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சும் விட்டார். "இதுக்கு மூணு கம்பிக் கரண்டும் வேணும், உங்கட வீட்டுல ஈக்காது. மத்த ரெண்டையும் பாப்போம்."

இராமநாதன் இன்னும் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் குடைப் பிடியை அவர் கை இறுக்கிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருசம் கூட வாழ்ந்தவள். ஒரு நாளும் அந்த வட்டங்களைப் பற்றித் தன்னிடம் சொன்னதில்லையே என்று மனிதருக்கு உள்ளே ஏதோ செய்தது.

டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். முதலில் நீலக் குட்டி. துண்டைக் கவ்விப் பிடிக்கிற வாய்க்கு சக் என்று பெயர். அதை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கடக் கடக் என்றது. பணப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை எடுத்து, மெசின் தலையில் விளிம்பால் நிறுத்தி, "ஓடவிடுங்க தம்பி" என்றார். ஓடவிட்டதும் குற்றி துள்ளி விழுந்து புல்லு வெட்டுகிற மெசினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "இது எனக்கு வேணாம்" என்றார் டீச்சர்.

நடுத்தரத்துக்கு வந்தார். சக் ஆடவில்லை. இந்தப் பக்கம் ஒரு கூர்முனை, அந்தப் பக்கம் ஒரு கூர்முனை பொருத்தச் சொல்லி, இரண்டையும் மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தார். கேத்திரகணிதத்தில் புள்ளி என்று எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருப்பார்! முனையும் முனையும் ஒரே புள்ளியில் வந்து தொட்டன. அதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இன்னொரு குற்றியை நிறுத்தினார். மெசின் ஓடியது. குற்றி லேசாக நடுங்கியது, சற்று நகர்ந்தது, ஆனால் விழவில்லை. கடையில் நின்ற எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குற்றியையே பார்த்தார்கள்.

"இதுதான்" என்றார் டீச்சர்.

விலையைச் சொன்னால் உங்களுக்கும் மூச்சு வாங்கும், அதை விடுங்கள். தடுக்க வந்த இராமநாதன் வாயைத் திறந்தார். டீச்சர் சண்டைக்குத் தயாரானார். மனிதர் கேட்டது இவ்வளவுதான்: "இத வீட்டுக்கு எப்படிக் கொண்டு போறது?"

நல்ல கேள்வி. அவர்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில். ரோட்டிலிருந்து படி இறங்க வேண்டும், அதுவும் பாசி பிடித்த படி. ஹபீலே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மெசினைப் பலகையில் வைத்துக் கட்டி, முன்னால் ஹபீல், பின்னால் இராமநாதன். இடுப்பு வலி என்று கோயிலில் கும்பிடு தண்டமே போடாத மனிதர், "நான் ஸ்டேஷன்ல பார்சல் தூக்குன ஆளு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "மெதுவா, மெதுவா, இடது கால்!" என்று டீச்சர் மேலே நின்று கத்தினார். "நீ சும்மா இரு, கத்தினாத்தான் வழுக்குது!" என்று அவர் கீழேயிருந்து கத்தினார். எப்படியோ வந்து சேர்ந்தது. பின் அறையில் சீமெந்துத் தரை. அங்கே கிடந்த இராமநாதனின் சாய்மனைக் கதிரை விறாந்தைக்குப் போனது. அதற்கு மட்டும் அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் செய்த முதல் பம்பரம் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. இரண்டாவது அதைவிட மோசம். அடுத்தடுத்து வந்ததெல்லாம் அதே குலம். பித்தளைச் சுருள் தலைமுடியில், சோற்றில், இராமநாதனின் உள்ளங்காலில். "காலெல்லாம் குத்துது ரத்தினம்!" என்று அவர் ஒற்றைக் காலில் நொண்டுவார். "செருப்பப் போடுங்க" என்று டீச்சர் தலை நிமிராமல் சொல்லுவார். ஆனால் எத்தனை பம்பரம் தள்ளாடினாலும், டீச்சர் அந்த அறைக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை அந்த வீடு கண்டதில்லை.

வேலை முடிந்தால் ஒவ்வொரு மாலையும் மெசினைத் துடைத்து எண்ணெய் பூசிவிடுவார். வத்தேகம ஈரத்துக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. ஒரு ராத்திரி விட்டாலும் துரு வந்து ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக, உளியைச் சுமந்துகொண்டு வண்டில் ஒன்று போய் வருகிற அந்த இரண்டு இரும்பு வரம்புகள். அவை வழவழவென்று இருந்தால்தான் வெட்டு நேராக விழும். அவற்றை முதன்முதலாகப் பார்த்த இராமநாதன், "ஓ, தண்டவாளம்!" என்றார். ஸ்டேஷன் ஆள் வேறு என்ன சொல்வார்? அதிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் தண்டவாளம்தான்.

கடைசியில் தள்ளாட்டத்துக்குக் காரணத்தை டீச்சர் பிடித்துவிட்டார். பாதி கடைந்துவிட்டு, துண்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு மீதியைக் கடைகிறார். திருப்பிக் கவ்வும்போது நடு கொஞ்சம் தள்ளிப் போகிறது. அவ்வளவுதான் விசயம். அப்படியென்றால் ஒரு தடவை கவ்வியதை விடாமல், ஒரே பிடியில் முழுவதையும் கடைந்து, கடைசியில் அறுத்து எடுக்க வேண்டும். நல்ல பித்தளைக் கட்டை ஒன்று வாங்கி வைத்தார். புரட்டாசி. நவராத்திரி. ஆயுத பூசைக்கு மறுநாள், விஜயதசமியன்று, நல்ல நேரத்தில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தார்.

ஆயுத பூசையன்று பழைய பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் போய்விட்டுப் பொழுது சாய வீடு வந்தார். பின் அறையில் ஊதுபத்தி வாசம். இராமநாதன் குளித்து, பட்டை பூசி, கையில் கற்பூரத் தட்டோடு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா ரத்தினம். ஒன்னோட மெசினுக்கு நானே பூச போட்டுட்டேன். சுத்தமாக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமத் தொடச்சு, எப்படி மின்னுது பாரு! ஸ்டேஷன்ல டிக்கெட்டுக்குத் திகதி குத்துற மெசினுக்கு வருசா வருசம் நாந்தான் போடுவேன். இதுக்கு மட்டும் ஏன் கொற வெக்கணும்?"

டீச்சர் பார்த்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறார். எண்ணெய்ப் பசையே இல்லை. தண்டவாளம் நெடுக ஈரத் திருநீறு. அதன் மேல் வரிசையாகச் சந்தனம், குங்குமம். அது போதாதென்று எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, ஒன்றை இந்தக் கோடியிலும் ஒன்றை அந்தக் கோடியிலும், வெட்டு வாய் இரும்பில் படக் கவிழ்த்து வைத்திருக்கிறார். பூச்சில்லாத இரும்பின் மேல் எலுமிச்சம் புளி!

எடுத்து எறிந்துவிட டீச்சரின் கை துடித்தது. ஆனால் பூசை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. தொட்டால் அந்த மனிதரின் முகம் என்னவாகும்? எதுக்கு எதுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த மெசினை வீட்டு ஆளாக நினைத்திருக்கிறார். டீச்சர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருக்குங்க" என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

விடிந்தது. டீச்சர் சந்தனத்தை வழித்தார். ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் செம்மண் நிறத்தில் துரு. எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் கறுப்பு வளையம், இரும்பையே தின்றுவிட்டிருந்தது. இனி என்ன வட்டம், என்ன பம்பரம்! அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? கழுவுறதுக்கு இது என்ன சைக்கிளா? ஸ்டேஷன்ல எஞ்சினுக்குப் பொட்டு வெப்பீங்க, சரி. தண்டவாளத்துக்கு வெச்சீங்களா? சொல்லுங்க, தண்டவாளத்துல யாராச்சும் எலுமிச்சம்பழத்தக் கவுத்து வெப்பாங்களா? ஆசப்பட்டு வாங்குனது, இப்படிப் பாழாக்கிட்டீங்களே!"

இராமநாதன் முகத்தில் ஈயாடவில்லை. துருவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

போனவர் பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை. டீச்சருக்கு இப்போது வேறு கவலை. ரொம்பத்தான் பேசிவிட்டோமோ? மழையும் தூற ஆரம்பித்துவிட்டது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில் படியில் குடை தெரிந்தது. நனைந்துபோய் வந்தவர் கையில் ஒரு எண்ணெய் டின்னும் துரு தேய்க்க ஒரு சுருள் நைசான எமரித் தாளும் இருந்தன.

"ஹபீல்கிட்டப் போனேன்" என்றார் இராமநாதன், மனைவியைப் பார்க்காமல். "நான் செஞ்சத அப்படியே சொன்னேன். தலையில கைய வெச்சுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, மேலாகத்தான் அரிச்சிருக்கும், எண்ணெய் விட்டு, நீளவாக்குல, பொறுமையாத் தேய்க்கணுமாம். அமுக்கக் கூடாதாம். நீ தொடாத. நாந்தான் கெடுத்தேன், நானே தேச்சுத் தர்றேன்."

சாய்மனைக் கதிரையை விட்டுவிட்டு, ஒரு மரக் குத்தி மேல் உட்கார்ந்து மனிதர் தேய்த்தார். அமுக்காமல், நீளவாக்கில், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. டீச்சர் கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு தாளைக் கிழித்துக்கொண்டு மறு கோடியில் வந்து உட்கார்ந்தார். எண்ணெய் கறுத்து வழிந்தது. மழை கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. கைகள் நடுவில் வந்து முட்டிக்கொண்டபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எலுமிச்சம்பழம் வேற!" என்றார்.

"பெரிய பழமாப் பாத்துத்தான் வாங்கினேன்" என்றார் அவர் பரிதாபமாக.

துரு போனது. பொட்டுத் தடங்களும் இரண்டு வளையங்களும் மட்டும் நிழல் மாதிரி நின்றுவிட்டன; அவை இனிப் போகப்போவதில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தார். எங்கே வளையம் என்று விரலுக்குத் தெரியவில்லை. வண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தினார். தடையில்லாமல் போனது. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

மறுநாள் பித்தளைக் கட்டையைச் சக்கில் கவ்வக் கொடுத்தார். ஒரே பிடி. அவசரமே படவில்லை. முதலில் நுனி, பிறகு அகலமான தட்டு, கடைசியில் விரலால் திருகச் சின்னக் காம்பு. இராமநாதன் செருப்புப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அறுத்து எடுத்த பம்பரம் சூடாக டீச்சரின் உள்ளங்கையில் விழுந்தது. அதை மேசைக் கண்ணாடியில் வைத்துத் திருகினார். பம்பரம் நடுங்கவில்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு அசைவு இல்லை. குத்துக்கல் மாதிரி நின்றது.

இராமநாதன் குனிந்து பார்த்தார். பாவமாக இருந்தது அவருக்கு. "என்ன ரத்தினம், நின்னுருச்சா?"

"இல்லைங்க" என்றார் டீச்சர். "சுத்துது."

அவர் நம்பவில்லை. விரலால் தொட்டார். பம்பரம் சீறிக்கொண்டு ஓடிப்போய்க் கோப்பையில் மோதியது. "அடியாத்தே!" என்று மனிதர் கையை இழுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருசம் ஆயுத பூசை வந்தது. இந்தத் தடவை இராமநாதன் எதையும் கழுவவில்லை. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு பின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"ரத்தினம், எங்க வெக்கட்டும்?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எதுக்கு என்று கேட்ட வாய், இப்போது எங்கே என்று கேட்கிறது. மனதுக்குள் என்னவோ நிறைந்து வழிந்தது. மெசினின் மேல் மூடியைக் காட்டினார், அங்கே பூச்சு இருக்கிறது, துரு பிடிக்காது. பிறகு பம்பரத்தை எடுத்து நீட்டினார். "இதுக்கும் ஒண்ணு வெயுங்க. பித்தளதானே, தாங்கும்."

இராமநாதன் பயபக்தியோடு பம்பரத்தின் தட்டில், காம்புக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சொட்டுச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். ஒரு பக்கமாகப் பாரம் ஏறினால் தள்ளாடுமே என்று டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டார். வைத்தது வைத்ததாகவே இருக்கட்டும்.

விஜயதசமி காலையில் இருவரும் மேசையருகில் உட்கார்ந்தார்கள். டீச்சர் பம்பரத்தைத் திருகிவிட்டார். தள்ளாடவில்லை. சுழலும் வேகத்தில் அந்தப் பொட்டைத்தான் காணவில்லை. அது இருந்த இடத்தில், காம்பைச் சுற்றி, செக்கச் செவேலென்று ஒரு வட்டம் நின்றது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்து, அந்தச் சிவப்புக் கோடு நெடுகத் தேடினார். மேட்டைத் தேடினார். எங்கேயும் இல்லை.

"யாரு போட்ட வட்டம்?" என்றார் இராமநாதன், மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முன்பெல்லாம் வகுப்பு அவருக்குத் தட்டியது போல, இரண்டு கையாலும் தட்டினார்.